பாக்-மேன் வயிற்றில் அலிபாபா!

அமெரிக்கா போய்விட்டு வந்தவனைப் பார்த்து எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: "நயாகரா பாத்தீங்களா?"

இல்லை.

"சுதந்திர தேவி சிலை?"

அதுவும் இல்லை. பாஸ்டனில் இறங்கி, இரண்டு முழு நாள் பழைய வீடியோ கேம் பெட்டிகளின் முதுகைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், "பிளைட் டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்து விடுகிறார்கள்.

குற்றவாளி என் அக்கா பையன். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறான். பகலில் ஒரு கம்பெனிக்காக சர்க்யூட் போர்டு டிசைன் பண்ணுகிறான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, தனக்காக சர்க்யூட் போர்டு டிசைன் பண்ணுகிறான். அங்கே ஆளுயரத்துக்கு மஞ்சளாக ஒரு பாக்-மேன் மெஷின் நிற்கிறது. 1980-ல் பிறந்தது. அதில் பாக்-மேன் மட்டும்தான் ஆட முடியும். அதாவது, முடிந்தது. இப்போது பதிமூன்று ஆட்டம் வருகிறது. அந்தப் பதிமூன்றையும் நுழைக்கத்தான் அவனுக்கு மூன்று வருஷம் ஆனது.

"பதிமூணுதானா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பர்மா பஜாரில் வாங்கிய டி.வி. கேமுக்கு '9,99,999 ஆட்டங்கள்' என்று லேபிள் ஒட்டிய மஞ்சள் கேட்ரிட்ஜ் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சொருகிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் இருக்கும். மீதியெல்லாம் அதே மரியோ, மூன்றாவது ஸ்டேஜிலிருந்து! நம் ஊர் பார்லரில் 'முஸ்தபா' ஆட டோக்கனுக்கு வீட்டில் சில்லறை திருடிய தலைமுறைக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அசட்டு கேட்ரிட்ஜுக்கும் என் மருமகன் பேஸ்மென்ட்டில் செய்கிற வேலைக்கும் ஒரே பெயர்தான்: மல்ட்டி-கேம். மற்றபடி ஜாதகம் வேறு.

அந்த ஜாதகத்தைத்தான் முதல் நாள் பார்க்கப் போனோம்.

* * *

கேம்பிரிட்ஜ். சார்லஸ் நதி ஓரமாக எம்.ஐ.டி. நதியில் துடுப்புப் படகுகள் சீறுகின்றன. புல்லில் படுத்துக்கொண்டு படிக்கிற மாணவர்கள் நிஜமாகவே படிக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் தூண் வைத்த பெரிய கட்டடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஹாஸ்டல்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இங்கதான் மாமா ஆரம்பிச்சுது" என்றான், ஏதோ ஸ்தல புராணம் சொல்கிற குரலில்.

டக் மக்ரே, கெவின் கரன் என்று இரண்டு மாணவர்கள். படிக்கிற காலத்திலேயே ஹாஸ்டல்களில் காசு போட்டு ஆடுகிற மெஷின்களை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று, அடாரி கம்பெனியின் 'மிஸைல் கமாண்ட்'. நல்ல வசூல். ஆனால் ஆடுகிறவர்கள் யார்? எம்.ஐ.டி. பையன்கள்! சீக்கிரமே கரைத்துக் குடித்துவிட்டார்கள். ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு நகராமல் ஆடிக்கொண்டே இருந்தால் கல்லாப்பெட்டி என்னத்துக்கு ஆகும்?

புது மெஷின் வாங்க ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். இவர்கள் வேறு வழி யோசித்தார்கள். மெஷின் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கிற போர்டின் மேல் சின்னதாக இன்னொரு போர்டைச் சொருகி, ஆட்டத்தைக் கஷ்டமாக்கிவிட்டால்? 1981-ல் 'சூப்பர் மிஸைல் அட்டாக்' என்று அதைச் செய்தும் விட்டார்கள். தங்கள் மூன்று மெஷினோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. விளம்பரம் போட்டு ஊரெல்லாம் விற்றார்கள். படிப்பை விட்டுவிட்டு ஜெனரல் கம்ப்யூட்டர் என்று கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள்.

அடாரி சும்மா இருக்குமா? ஒன்றரைக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது.

நம் ஊர்க் கதையாக இருந்தால் அப்பா வந்து காலில் விழுந்திருப்பார். இங்கே நடந்தது வேறு. அந்த வருஷம் அக்டோபரில் சமரசம். வழக்கு வாபஸ். அது மட்டுமா? பையன்கள் தனக்காகவே ஆட்டங்கள் எழுதித் தரவேண்டும் என்று, மாதம் 50,000 டாலர் வீதம் இரண்டு வருஷத்துக்குக் கொடுக்க அடாரி ஒப்புக்கொண்டது! ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் மூல மெஷினைச் செய்த கம்பெனியின் சம்மதம் இல்லாமல் இந்த மாதிரி ஒட்டுப்போர்டு விற்கக் கூடாது.

அவர்கள் மேஜையில் அப்போது பாதி முடிந்த நிலையில் இன்னொரு ஒட்டுப்போர்டு இருந்தது. பாக்-மேனுக்கு. கதாநாயகனுக்குக் கால் முளைக்க வைத்து, 'கிரேஸி ஆட்டோ' என்று பெயரும் வைத்திருந்தார்கள். சம்மதம்தானே வேண்டும்? அமெரிக்காவில் பாக்-மேனைத் தயாரித்து விற்ற சிகாகோ கம்பெனி மிட்வேயிடமே நேராகப் போய்க் காட்டினார்கள். ஜப்பானிலிருந்து அடுத்த பாக்-மேன் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்த மிட்வே, அப்படியே வாங்கிக்கொண்டது. காலை வெட்டி, தலையில் ரிப்பன் கட்டி, லிப்ஸ்டிக் போட்டு 1982-ல் வெளியிட்டது.

'மிஸ். பாக்-மேன்'. ஒரு லட்சத்துக்கும் மேலே மெஷின் விற்றது. அந்த நாட்டு ஆர்கேட் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய வெற்றியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்கள் வேலை செய்த வேலண்ட் என்ற ஊர் மேற்கே அரைமணி நேர டிரைவ். போனோம். மேப்பிள் மரங்கள், வெள்ளை அடித்த சர்ச், புல் வெட்டுகிற ஒரு பெரியவர். இவ்வளவு பெரிய சமாசாரம் இங்கே நடந்தது என்பதற்கு ஊரில் ஒரு தடயமும் என் கண்ணில் படவில்லை. காபி மட்டும் நன்றாக இருந்தது.

* * *

ராத்திரி பேஸ்மென்ட். மருமகன் மெஷினின் பின் கதவைத் திறந்து டார்ச் அடித்தான்.

"பாருங்க மாமா, மொத்த புரோகிராமும் 16 கிலோபைட்."

காலையில் வாட்ஸப்பில் வருகிற ரோஜாப்பூ 'குட் மார்னிங்' இதைவிடப் பல மடங்கு பெரிசு.

நடுவில் நாற்பது கால் வைத்த ஒரு சிப். இசட்-80. இதுதான் மூளை. அதை சாக்கெட்டிலிருந்து மெதுவாக நெம்பி எடுத்தான். அந்த இடத்தில், அவன் செய்த பச்சை நிற போர்டைச் சொருகினான். எடுத்த இசட்-80, அந்தப் பச்சை போர்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. வீடு அதே, ஆள் அதே, பேச்சு வார்த்தை எல்லாம் மட்டும் இனிமேல் மாமியார் மூலமாக.

மாமியார் என்பது, பச்சை போர்டில் ஓரமாக இருக்கிற இன்னொரு குட்டி சிப். மூளை ஒவ்வொரு தடவையும் "இந்த விலாசத்தில் என்ன இருக்கு?" என்று கேட்கும்போது இது வாசலில் நிற்கிறது. கேட்டது புரோகிராமையா? "இரு, நான் தர்றேன்" என்று தன் பெரிய மெமரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. திரையைப் பற்றியா, ஜாய்ஸ்டிக்கைப் பற்றியா? "அது பழைய போர்டு விவகாரம், நீயே போய்க் கேட்டுக்கோ" என்று வழி விடுகிறது. இதில் முக்கியம், பழைய புரோகிராம் சிப்பும் புது மெமரியும் ஒரே சமயத்தில் பதில் சொல்லிவிடக் கூடாது. ஒரே மைக்கை இரண்டு பேச்சாளர்கள் பிடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே கூடுதலாக சிப் சூடாகி உயிரை விடும்.

மெனுவில் ஐந்தாவது ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், 'ஐந்து' என்று ஒரு மூலையில் குறித்துக்கொண்டு மூளையை ரீசெட் செய்துவிடுகிறது. மூளை புதிதாகக் கண் விழிக்கிறது. முன் ஜென்மம் ஞாபகமில்லை. ஐந்தாவது ஆட்டம்தான் உலகம் என்று நம்பி வேலையை ஆரம்பித்துவிடுகிறது.

"இவ்வளவுதானா? இதுக்கா மூணு வருஷம்?" என்றேன்.

"நாயை மறந்துட்டீங்களே மாமா."

நாய் என்றால் வாட்ச்-டாக். பழைய போர்டில் ஒரு காவல் நாய் இருக்கிறது. திரையில் விநாடிக்கு அறுபது படம் ஓடுகிறது அல்லவா? பதினாறு படத்துக்குள் ஒரு தடவையாவது புரோகிராம் அதன் தலையைத் தட்டி "நான் உயிரோடதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்து, நாய் மெஷினையே ரீசெட் செய்துவிடும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மெஷின் தானாகத் தெளிவதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. நம் ஆள் எழுதிய மெனு நாயைத் தட்டவில்லை. கால் விநாடி மெனு தெரியும், மறையும், மறுபடி தெரியும். இரண்டு ராத்திரி போர்டைத்தான் சந்தேகப்பட்டானாம்.

அப்புறம் படங்கள். பேய், பழம், சுவர் எல்லாவற்றின் படமும் வேறு சிப்களில் தனியாக இருக்கின்றன. புரோகிராமை மட்டும் மாற்றிப் படத்தை மாற்றாவிட்டால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கந்தல் துணி தொங்கும். அதனால் அங்கேயும் கை வைத்து, அங்கிருந்து வயர் இழுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகிற மாதிரி செய்ய வேண்டும். கலருக்கு இன்னொரு சிப். அதன் மொத்தக் கொள்ளளவு 32 பைட்! இந்தப் பத்தியின் முதல் வரியைக்கூட அதில் எழுத முடியாது.

மின்சாரம் அடுத்த தலைவலி. பழைய போர்டு 5 வோல்ட்டில் பேசுகிறது. இப்போது கிடைக்கிற மெமரி பெரும்பாலும் 3.3 வோல்ட். அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொண்டு வந்த மிக்ஸியை நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகிய அனுபவம் உள்ளவர்களுக்குப் புரியும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் சிப்களை வரிசையாக வைத்திருக்கிறான்.

ஆட்டத்தைத் தேர்வு செய்வதிலும் கட்டுப்பாடு. பாக்-மேன் மெஷினின் டி.வி. நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஜாய்ஸ்டிக் நான்கு பக்கம் மட்டும்தான் திரும்பும். சுடுவதற்கு பட்டனே கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு ஆள், இரண்டு ஆள் என்று ஆரம்பிக்கிற ஸ்டார்ட் பட்டன்கள். இந்த போர்டின் குடும்பத்தில், இதே போர்டிலும் இதன் சொந்தக்கார போர்டுகளிலும் ஓடிய ஆட்டங்கள் நிறைய உண்டு. க்ரஷ் ரோலர், ஐஸ், பான்போகோ, பெங்கோ... 1982-ல் சேகா பெயரில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'கூட உண்டு. நம்ம எம்.ஜி.ஆர். 1956-லேயே ஆடி முடித்துவிட்ட ஆட்டம்!

"பெங்கோவுக்கு ஐஸ் கட்டியைத் தள்ள ஒரு பட்டன் வேணும் மாமா. நிறையப் பேர் டிரில் எடுத்து ஓட்டை போட்டுருவாங்க. நான் ஸ்டார்ட் பட்டனையே தள்ளற பட்டனா மாத்திட்டேன்."

"ஒரு ஓட்டை போட்டா என்னடா?"

அவன் என்னைப் பார்த்த பார்வை, கர்ப்பக்கிரகத்தில் செருப்போடு நுழைந்தவனைக் குருக்கள் பார்க்கிற பார்வை.

"ஓட்டை கூடாது. வயரை வெட்டக் கூடாது. பழைய போர்டில சால்டரிங் அயர்ன் படக் கூடாது. நாளைக்கே நான் செத்துட்டாலும், வாங்கறவன் என் போர்டைக் கழட்டி இசட்-80-ஐயும் பழைய சிப்பையும் திரும்பச் சொருகினா, 1980-ல இருந்த அதே பாக்-மேன் வரணும்."

மேலே மாடிப்படியிலிருந்து அவன் மனைவியின் குரல்: "சாகறதுக்கு முன்னாடி டிரையர்ல இருக்கற துணிய எடுத்து மடிச்சு வெச்சுடச் சொல்லுங்க மாமா!"

* * *

மறுநாள் வடக்கே கிளம்பினோம். ஐ-93 நெடுஞ்சாலை. நியூ ஹாம்ப்ஷயர் எல்லை தாண்டியதும் கார் நம்பர் பிளேட்டுகளில் எல்லாம், சுதந்திரமாக வாழ், இல்லாவிட்டால் செத்துப்போ என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம். காலை வேளையில் முன்னால் போகிற கார் இப்படி மிரட்டினால் எப்படி ஓட்டுவது? இந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது என்பதால் மன்னித்து விட்டேன்.

வழியில் ஒரு பீட்சாக் கடை. மூலையில் நீல நிறத்தில் சாட்சாத் மிஸ். பாக்-மேன் மெஷின்! ஓடிப்போய்க் காசு போட்டான். திரையில் '60 ஆட்டங்கள்' என்று மெனு வந்தது. அவன் முகம் வாடியது.

இது 2000-களின் கடைசியிலிருந்து சீனாவிலிருந்து வருகிற சரக்கு. உள்ளே செல்போனில் இருப்பது போன்ற ஒரு சிப். அது 1980-ன் மெஷின் மாதிரி 'நடிக்கிற' புரோகிராமை ஓட்டுகிறது. ஜப்பானில் 1985 வாக்கில் 'ஜாமா' என்று 56 தொடர்புள்ள ஒரு பொது இணைப்பு முறை வந்தது. எந்தக் கம்பெனி போர்டையும் எந்த மெஷினிலும் மாட்டலாம் என்கிற புண்ணியமான ஏற்பாடு. இந்த 60 ஆட்ட போர்டு அதற்கேற்பச் செய்தது. பாக்-மேன் வம்சம் அதற்கு முந்தியது, 44 தொடர்பு. எனவே பழைய வயரையெல்லாம் வெட்டிப் புது வயர் மாட்ட வேண்டும். இவர்கள் போதாக்குறைக்குக் கனமான பழைய டி.வி.யையும் எடுத்துவிட்டு எல்.சி.டி. வைத்திருந்தார்கள்.

நான் ஆடிப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. "திருப்பினப்புறம் ஒரு துளி யோசிச்சுட்டுத் திரும்புது பாருங்க. மூலைல பேய் பின்னாடி வரும்போது அந்த ஒரு துளிதான் உயிர்."

"பழைய போர்டு எங்கே?" என்று கவுன்ட்டரில் கேட்டான். குப்பையில் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. கேட்டால், கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்கிற மெஷினை வைத்துக்கொண்டு அவர் பீட்சா சுடுவதா, சிப் மாற்றுவதா? ரிப்பேர்காரர் வந்து எட்டிப் பார்க்கிற கூலிக்கு இந்தப் புது போர்டே வந்துவிடும்.

காரில் இருபது மைல் வரை அவன் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அந்த போர்டில இருக்கற சில சிப்பை இப்ப யாரும் செய்யறதில்ல மாமா." இசட்-80-யே அப்படி ஆகிவிட்டது. 1976-லிருந்து ஜைலாக் கம்பெனி விற்றுவந்த தனி சிப்புக்கு, 2024 ஏப்ரலில் அறிவிப்பு: ஜூனோடு கடைசி ஆர்டர், அப்புறம் கிடையாது. செய்தி வந்த அன்றைக்கு இவன் இருபது வாங்கி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறான். மாவடு மாதிரி.

* * *

வெளியேறும் வழி எண் 23-ல் இறங்கி, மெரிடித் வழியாக வீர்ஸ் பீச். பக்கத்தில் வின்னிப்பசாக்கி என்று ஒரு ஏரி. பெயரைச் சொல்லிப் பழகுவதற்குள் ஊர் வந்துவிடும். நியூ ஹாம்ப்ஷயரிலேயே பெரிய ஏரி. நீலம், படகுகள், பைன் மரங்கள். அதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. நாங்கள் ஏரிக்கு முதுகைக் காட்டி ஃபன்ஸ்பாட்டுக்குள் நுழைந்தோம்.

1952-ல் தொடங்கிய இடம். 2008-ல் உலகின் மிகப் பெரிய ஆர்கேட் என்று கின்னஸ் அங்கீகாரம் பெற்றது. கீழே பௌலிங், மினி கோல்ஃப், குழந்தைகள் கூச்சல். மாடிக்கு ஏறினால் அமெரிக்கன் கிளாஸிக் ஆர்கேட் மியூசியம். அரை இருட்டு. ஸ்பீக்கரில் எண்பதுகளின் பாட்டு. 200-க்கும் மேலே பழைய மெஷின்கள், அவரவர் இடத்தில், சொந்தக் குரலில் கத்திக்கொண்டு. மியூசியம் என்றால் தொடாதே என்று போர்டு இருக்கும். இங்கே டோக்கனைப் போட்டுத் தொடலாம்.

ஒரு மெஷினுக்கு ஒரு ஆட்டம். மெனு கினு எதுவும் கிடையாது. பாக்-மேனில் ஒரு உயிர்கூடப் போகாமல், 256 ஸ்டேஜையும் துடைத்தெடுத்து 33,33,360 பாயின்ட் எடுத்த முதல் ஆட்டம் என்று பதிவானது இங்கேதான் நடந்தது. 1999 ஜூலை 3. அதற்கு மேல் பாயின்ட் எடுக்கவே முடியாது. 256-வது ஸ்டேஜில் எட்டு பிட் கணக்கு நிரம்பி, திரையில் வலது பாதி முழுக்கக் கிறுக்கலாகிவிடும். புரோகிராமின் பிழைதான். ஆனால் அசல் மெஷினின் அடையாளமாக அதையே கும்பிடுகிறார்கள்.

அசலா, நடிப்பா என்பது இங்கே விளையாட்டு விஷயம் அல்ல. 2018-ல் டாங்கி காங் ஸ்கோர்களைப் பற்றி ஒரு பெரிய தகராறு. ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்தது வரும்போது இரும்பு உத்தரங்கள் திரையில் எந்த வரிசையில் தோன்றுகின்றன என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இது அசல் போர்டு இல்லை என்றார்கள். ஸ்கோர்களை நீக்கினார்கள். ஆட்டக்காரர் மறுத்தார், கோர்ட்டுக்குப் போனார், 2024-ல்தான் சமரசமாகி ஸ்கோர்கள் பழைய பதிவேட்டில் திரும்ப ஏறின. கண் இமைப்பதற்குள் மறைகிற காட்சிக்கு ஆறு வருஷம்!

"அதனாலதான் மாமா எனக்கு இந்த இடம் கோயில். ஒட்டு இல்ல, சேர்ப்பு இல்ல, எல்லாம் அக்மார்க்" என்றான் மருமகன், மிஸ். பாக்-மேன் முன்னால் நின்றுகொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏண்டா, இது உள்ளயே ஒட்டுதானே?"

ஆமாம். முந்தின நாள் இவனே சொன்னதுதான். வேலண்ட் பையன்கள் பாக்-மேன் போர்டை அழிக்கவில்லை. அதன் நான்கு புரோகிராம் சிப்பும் மிஸ். பாக்-மேனுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. இசட்-80-ஐப் பிடுங்கி, அந்த சாக்கெட்டிலிருந்து ரிப்பன் கேபிள் இழுத்து, துணைப் போர்டு ஒன்றை மாட்டினார்கள். பழைய புரோகிராமில் நாற்பது இடத்தில் எட்டெட்டு பைட்டாக ஒட்டுப் போட்டு, அங்கிருந்து தங்கள் புது மெமரிக்கு ஆட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். துணைப் போர்டைக் கழற்றி இசட்-80-ஐ அதன் இடத்திலேயே சொருகினால், ரிப்பன் கட்டிய அம்மாளின் உடம்புக்குள்ளிருந்து அசல் பாக்-மேன் புரோகிராம் எழுந்து வருகிறது.

பேஸ்மென்ட்டில் இவன் செய்திருப்பதும் அதே சாக்கெட், அதே தந்திரம். அமெரிக்காவில் ஒரு லட்சம் பேர் கொண்டாடி வாங்கிய அசல், இரண்டு காலேஜ் பையன்களின் மல்ட்டி-கேம் போர்டுதான்.

ஒரு நிமிஷம் யோசித்தான். "அவங்களும் ஓட்டை போடல பாத்தீங்களா" என்றான், விட்டுக்கொடுக்காமல்.

நான் டோக்கனைப் போட்டேன். முதல் மேஸ் தாண்டினேன். இரண்டாவதில், ஊதா நிறமான பேய் என்று நம்பித் துரத்திக்கொண்டு போனது பாதி வழியில் மனசு மாறிவிட்டது. 4,870 பாயின்ட். மூன்று உயிரும் காலி. மருமகன் ஆட ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஆகியும் நகராததால், கீழே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எம்.ஐ.டி. பையன்களின் கல்லாப்பெட்டிக் கஷ்டம் அப்போதுதான் புரிந்தது.

கிளம்பும்போது பார்க்கிங்கில் கார் சாவிக்காகப் பேன்ட் பாக்கெட்டைத் துழாவினான். சாவியோடு, கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்த நாற்பது கால் சிப் ஒன்று வெளியே வந்தது.

"என்னடா இது?"

"இசட்-80 மாமா."

"அதை எதுக்குடா பாக்கெட்டில வெச்சுக்கிட்டு ஊர் சுத்தறே?"

"ஒரு அவசரத்துக்கு" என்றான்.